ஸ்டுடிபேக்கர்

ஸ்டுடிபேக்கர் என்பது ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள சவுத் பெண்ட் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய வண்டி மற்றும் தானுந்து தயாரிப்பு நிறுவனம் ஆகும். 1852 இல் கொல்லுப் பட்டறையாகத் தொடங்கிய இது, குதிரை வண்டிகளால் பெயர் பெற்று, 1902 இல் மின்சாரத்தால் ஓடும் தானுந்துகளையும் 1904 இல் பெட்ரோல் தானுந்துகளையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. குதிரை வண்டிக் காலத்திலிருந்து தானுந்துக் காலத்துக்கு வெற்றிகரமாகக் கடந்துவந்த பெரிய அமெரிக்க வண்டி நிறுவனம் இது ஒன்றே என்பர். 1963 டிசம்பரில் சவுத் பெண்ட் தொழிற்சாலையில் தானுந்து உற்பத்தி நிறுத்தப்பட்டது. கனடாவின் ஹாமில்டன் நகரில் இருந்த கிளைத் தொழிற்சாலை 1966 மார்ச்சு வரை இயங்கியது.

வடிவமைப்பிலும் பொறியியலிலும் பலமுறை தன் காலத்துக்கு முந்திச் சென்ற நிறுவனம் இது. ஆயினும் அந்த முந்துதலைத் தாங்கக்கூடிய தொழிற்சாலையும் முதலும் அதனிடம் இருக்கவில்லை. தொழிற்சாலை மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தமக்கு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத்தின் பெரும்பகுதியை இழந்தனர். தனியார் ஓய்வூதியங்களைப் பாதுகாக்க அமெரிக்காவில் 1974 இல் இயற்றப்பட்ட சட்டத்தைப் பற்றிய எந்த விளக்கத்திலும் இந்நிறுவனத்தின் பெயர் இடம்பெறுவதற்கு இதுவே காரணம்.

தோற்றமும் வண்டித் தொழிலும்

ஸ்டுடிபேக்கர் குடும்பத்தின் முன்னோர் 1736 இல் ஜெர்மனியிலிருந்து பென்சில்வேனியாவில் குடியேறியவர்கள். இரும்படித்தலும் வண்டி கட்டுதலும் அவர்களது குலத்தொழில் போலவே அமைந்தன. ஹென்றி, கிளெமண்ட் ஆகிய சகோதரர்கள் 1852 பெப்ரவரியில் சவுத் பெண்டில் பட்டறை திறந்தபோது அவர்களிடம் இருந்தவை 68 டாலர்களும் உலைக்களக் கருவிகளுமே.

இன்னொரு சகோதரரான ஜான் மோலர் ஸ்டுடிபேக்கர், கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்ற செய்தி பரவியிருந்த காலத்தில், 1853 இல் மேற்கே பயணமானார். பிளாசர்வில் என்னும் ஊரை அடைந்த அவர் தங்கம் தோண்டப் போகவில்லை. தோண்டுவோருக்குத் தேவையான ஒற்றைச் சக்கரக் கைவண்டிகளைச் செய்து விற்றார். 'கைவண்டி ஜானி' என்ற பட்டப்பெயரும், ஐந்தாண்டுகளில் சுமார் 8,000 டாலர் சேமிப்பும் அவருக்குக் கிடைத்தன. 1858 இல் ஊர் திரும்பி, அப்பணத்தைக் கொண்டு ஹென்றியின் பங்கை வாங்கினார். குடும்பத்தினர் போரை மறுக்கும் டங்கர் கிறித்தவப் பிரிவினர் என்பதால், இராணுவத்துக்கு வண்டி செய்துகொடுப்பதில் ஹென்றிக்கு உடன்பாடு இருக்கவில்லை என்றும், அவர் விலகியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றும் கூறப்படுகிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வடபகுதிப் படைகளுக்கு வண்டிகள் வழங்கியதால் நிறுவனம் விரைந்து வளர்ந்தது. 1868 இல் ஸ்டுடிபேக்கர் சகோதரர்கள் உற்பத்தி நிறுவனம் என்ற பெயரில் பதிவு செய்யப்பட்டது. மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்தோரின் வண்டிகள், பண்ணை வண்டிகள், செல்வர்களின் சாரட்டுகள் எனப் பலவும் இங்கே செய்யப்பட்டன. நிறுவனம் தன்னை உலகின் மிகப் பெரிய வண்டி உற்பத்தியாளர் என விளம்பரப்படுத்தியது. ஆபிரகாம் லிங்கன் பயன்படுத்திய சாரட்டைக் கிளெமண்ட் பின்னாளில் விலைக்கு வாங்கிப் பாதுகாத்தார். அது ஸ்டுடிபேக்கர் நிறுவனம் செய்ததன்று.

தானுந்துத் துறையில் நுழைவு

ஜானின் மருமகனும் வழக்கறிஞருமான பிரெடெரிக் பிஷ் என்பவரே குதிரையில்லா வண்டிகளின் பக்கம் நிறுவனத்தைத் திருப்பியவர். சகோதரர்களுக்குப் பெட்ரோல் பொறிமேல் நம்பிக்கை இருக்கவில்லை. ஆகவே 1902 இல் முதலில் வெளிவந்தவை மின்கலத்தால் ஓடும் தானுந்துகள். முதலாண்டில் சுமார் 20 மட்டுமே விற்பனையாயின. வாங்கியோருள் தாமஸ் எடிசனும் ஒருவர். இவ்வகைத் தானுந்துகள் 1912 வரை தயாரிக்கப்பட்டன.

பெட்ரோல் தானுந்துகளுக்கு நிறுவனம் முதலில் பிறரையே நம்பியிருந்தது. ஒகையோ மாநிலத்தின் கார்போர்டு நிறுவனம் அடிச்சட்டகத்தையும் பொறியையும் செய்து தர, ஸ்டுடிபேக்கர் அவற்றின்மேல் உடற்பகுதியை அமைத்து விற்றது. பின்னர் டெட்ராயிட் நகரின் ஈ.எம்.எப். நிறுவனத்தின் தானுந்துகளைத் தன் வண்டி முகவர்கள் வழியாக விற்று, 1910 இல் அந்நிறுவனத்தையே வாங்கியது. 1911 இல் ஸ்டுடிபேக்கர் கூட்டுநிறுவனம் உருவானது. சகோதரர்களுள் இறுதியாக எஞ்சியிருந்த ஜான் 1917 இல் காலமானார். குதிரை வண்டி உற்பத்தி 1920 இல் முடிவுக்கு வந்தது. அதே பத்தாண்டில் டெட்ராயிட்டில் இருந்த உற்பத்தி படிப்படியாகச் சவுத் பெண்டுக்கு மாற்றப்பட்டது.

உதிரிப் பாகங்களும் தேர்ந்த தொழிலாளரும் குவிந்திருந்த டெட்ராயிட்டை விட்டு, ஒரே நிறுவனத்தை நம்பி வாழும் சிறு நகரத்துக்கு வந்தது பின்னாளில் செலவைக் கூட்டியது. அன்று அது தவறாகத் தோன்றியிருக்க இயலாது. ஊரும் நிறுவனமும் ஒன்றையொன்று வளர்த்த காலம் அது. 1926 இல் சவுத் பெண்டுக்கு மேற்கே விரிந்த நிலப்பரப்பில் தானுந்துகளைச் சோதிப்பதற்கெனத் தனி ஓடுதளம் அமைக்கப்பட்டது. அங்கே 1930களின் இறுதியில், நிறுவனத்தின் பெயர் வானிலிருந்து தெரியும்படி ஆயிரக்கணக்கான பைன் மரங்கள் எழுத்து வடிவில் நடப்பட்டன. அவ்விடம் பின்னர் பெண்டிக்ஸ் வூட்ஸ் என்ற பொதுப் பூங்காவானது.

முதல் வீழ்ச்சி: 1933

1915 இல் தலைவரான ஆல்பர்ட் எர்ஸ்கின் துணிவுமிக்கவர். தன் பெயரையே தாங்கிய எர்ஸ்கின் என்னும் சிறிய தானுந்தை 1927 இலும், நோட்டர்டாம் பல்கலைக்கழகக் கால்பந்துப் பயிற்றுநர் நூட் ராக்னியின் பெயரால் ராக்னி என்னும் தானுந்தை 1932 இலும் சந்தைக்குக் கொண்டுவந்தார். ராக்னி அதற்கு முந்தைய ஆண்டே வானூர்தி விபத்தில் இறந்திருந்தார். ஆடம்பரத் தானுந்துகளுக்குப் பெயர்பெற்ற பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தை 1928 இல் ஸ்டுடிபேக்கர் வாங்கியது.

1929 இல் தொடங்கிய பெருமந்தம் சில மாதங்களில் நீங்கிவிடும் என எர்ஸ்கின் கணித்தார். எனவே இலாபம் சரிந்த ஆண்டுகளிலும் பங்குதாரர்களுக்கு ஈட்டியதைவிடப் பல மடங்கு பங்காதாயம் வழங்கினார். இருப்பு கரைந்தது. கிளீவ்லாந்தின் வைட் சரக்குந்து நிறுவனத்தை இணைத்து அதன் கையிருப்பைக் கொண்டு மீளலாம் என்ற முயற்சியை அந்நிறுவனத்தின் சிறுபான்மைப் பங்குதாரர்கள் தடுத்துவிட்டனர். 1933 மார்ச்சில் ஸ்டுடிபேக்கர் நீதிமன்றப் பொறுப்பாளர்களின் கைக்குச் சென்றது. அவ்வாண்டு ஜூலை 1 அன்று எர்ஸ்கின் தற்கொலை செய்துகொண்டார்.

நல்ல ஆண்டுகளில் கிடைத்த பணத்தைத் தொழிற்சாலையைப் புதுப்பிப்பதற்கு ஒதுக்காமல் பகிர்ந்தளிக்கும் இவ்வழக்கம் எர்ஸ்கினோடு முடிந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய செழிப்பான ஆண்டுகளிலும் இது தொடர்ந்தது.

மறுமலர்ச்சி

பால் ஹாப்மன், ஹெரால்டு வான்ஸ் ஆகிய இருவரும் நிறுவனத்தை மீட்டெடுத்தனர். 1935 இல் நீதிமன்றப் பொறுப்பிலிருந்து அது விடுபட்டது. 1936 இல், மேட்டில் நிற்கும் தானுந்து பின்னோக்கி உருளாமல் தடுக்கும் அமைப்பு அறிமுகமானது. 1939 இல் வெளிவந்த சாம்பியன், போர்டு, செவ்ரோலே, பிளிமத் ஆகிய போட்டியாளர்களைவிடப் பல நூறு இறாத்தல் எடை குறைந்தது. வலிமை குறையாமல் எடையைக் குறைத்தால் எரிபொருளும் மிஞ்சும், செலவும் மிஞ்சும் என்பதே அதன் பொறியியல் அடிப்படை. டெட்ராயிட்டின் பெரிய நிறுவனங்கள் இக்கருத்தை ஏற்க மேலும் இரு பத்தாண்டுகள் ஆயின. வெளி வடிவமைப்பு ஆலோசகராக ரேமண்ட் லோவி இருந்தார்.

போர்க்காலத்தில் நிறுவனம் மூன்று பெரும் பணிகளை ஏற்றது: போயிங் பி-17 குண்டுவீச்சு வானூர்திகளுக்கான ரைட் சைக்ளோன் பொறிகள் 60,000க்கும் மேற்பட்டவை, வீசல் எனப்பட்ட பனித்தரை ஊர்திகள், யூ.எஸ்.6 வகைச் சரக்குந்துகள் ஏறக்குறைய 2 இலட்சம். இச்சரக்குந்துகளுள் பெரும்பாலானவை சோவியத் ஒன்றியத்துக்கு அனுப்பப்பட்டன. கத்யூஷா ஏவுகலங்கள் பலவும் இவற்றின்மீதே ஏற்றப்பட்டன. போர் முனையில் 'ஸ்டுடிபேக்கர்' என்ற பெயர் ரஷ்ய வீரர்களிடையே சரக்குந்தின் பெயராகவே வழங்கிற்று.

போர் முடிந்தபின் பிற நிறுவனங்கள் 1942 ஆம் ஆண்டு வடிவங்களையே மெருகிட்டு விற்றுக்கொண்டிருக்க, ஸ்டுடிபேக்கர் 1946 நடுப்பகுதியிலேயே முற்றிலும் புதிய வடிவத்தை வெளியிட்டது. அதன் ஸ்டார்லைட் வகையில் பின்புறக் கண்ணாடி பக்கங்கள் வரை வளைந்து சென்றது. தானுந்து எப்பக்கம் போகிறது என்றே தெரியவில்லை என மக்கள் கேலி செய்தனர், ஆனாலும் வாங்கினர். இவ்வடிவத்துக்கு உரியவர் யார் என்பதில் லோவிக்கும், அவரிடம் பணிபுரிந்து பின்னர் நீக்கப்பட்ட வர்ஜில் எக்ஸ்னருக்கும் இடையே பிணக்கு இருந்தது. 1950 இல் வந்த கூர்முக வடிவம் வானூர்தியின் மூக்கை ஒத்திருந்தது. அதே ஆண்டில் போர்க்-வார்னர் நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கிய தானியங்கிப் பல்லிணைப் பெட்டி அறிமுகமானது. போர்டு நிறுவனம் அதைத் தனக்கும் வழங்குமாறு கேட்டபோது ஸ்டுடிபேக்கர் மறுத்துவிட்டது. பிறருக்கு விற்றிருந்தால் அதன் தயாரிப்புச் செலவு வெகுவாகக் குறைந்திருக்கும். 1951 இல் சொந்தமாக வடிவமைத்த எட்டு உருளைப் பொறியும் வந்தது.

1950 ஆம் ஆண்டு வடிவங்கள் 3 இலட்சத்துக்கும் மேல் விற்பனையாயின. சவுத் பெண்டில் 20,000க்கும் அதிகமானோர் வேலை செய்தனர். நிறுவனத்தின் வரலாற்றில் இதுவே உச்சம்.

சரிவின் தொடக்கம்

உச்சத்திலிருந்த ஆண்டுகளிலேயே சிக்கல்கள் இருந்தன. பல மாடிகள் கொண்ட பழைய கட்டடங்களில் வேலை நடந்தது. உடற்பகுதிகள் ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச் செல்லப்பட வேண்டியிருந்தது. ஒரே தளத்தில் நீண்ட வரிசையாக அமைந்த புதிய தொழிற்சாலைகளோடு இவை போட்டியிட இயலவில்லை. பெரிய வேலைநிறுத்தம் எதையும் சந்திக்காதது குறித்து நிர்வாகம் பெருமைகொண்டது. அதற்குக் கொடுத்த விலை, டெட்ராயிட்டைவிட உயர்ந்த கூலியும் தளர்ந்த வேலை அளவுகளும் ஆகும். கேட்பு மிகுந்திருந்தவரை இது எவருக்கும் உறுத்தவில்லை. ஐரோப்பிய மறுசீரமைப்புக்கான மார்ஷல் திட்டத்தை நடத்த ஹாப்மன் 1948 இல் அரசுப் பணிக்குச் சென்றதும், அனுபவம் மிக்க ஒருவரை நிறுவனம் இழந்தது.

1953 இல் வெளிவந்த ஸ்டார்லைனர் இந்நிறுவனத்தின் மிகச் சிறந்த வடிவமாகவும் மிகப் பெரிய தவறாகவும் அமைந்தது. லோவியின் குழுவைச் சேர்ந்த ராபர்ட் போர்க் வரைந்த இந்த இருகதவுத் தானுந்து தாழ்வானது, நீண்டது, குரோமிய அணிகள் ஏதுமற்றது. அக்கால அமெரிக்கத் தெருக்களில் இதுபோன்ற வேறொன்று இருக்கவில்லை. அமெரிக்கத் தானுந்து வடிவமைப்பின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றாக இது இன்றும் கருதப்படுகிறது.

உற்பத்தியில் நேர்ந்தது வேறு. அடிச்சட்டகம் எதிர்பார்த்ததைவிட நெகிழ்வாக இருந்ததால், பொறியின் எடை ஏறியதும் அது வளைந்தது. முன்புறத் தகடுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இதைச் சரிசெய்வதில் மாதங்கள் கழிந்தன. வாங்குவோர் நான்கு கதவு வகையையே விரும்புவர் எனக் கணித்து அதற்கேற்ப உற்பத்தி திட்டமிடப்பட்டிருந்தது. மக்களோ இருகதவு வகையைக் கேட்டு நின்றனர். அதே வடிவத்தைக் குட்டையாக்கிச் செய்த நான்கு கதவு வகை எடுப்பாக இல்லை. அவை முகவர்களிடம் தேங்கின. உற்பத்தி விகிதத்தை மாற்றுவதற்குள் வாய்ப்பு நழுவியிருந்தது.

அதே வேளையில் போர்டு நிறுவனமும் ஜெனரல் மோட்டார்சும் முதலிடத்துக்காகப் போட்டியிட்டுத் தம் முகவர்களிடம் தானுந்துகளைக் குவித்தன. அவர்கள் விலையைக் குறைத்து விற்றனர். அப்போட்டியில் அவ்விரு நிறுவனங்களும் ஒன்றையொன்று வீழ்த்தவில்லை. நசுங்கியவை இடையில் நின்ற சிறு நிறுவனங்களே. ஸ்டார்லைனரை ஜெனரல் மோட்டார்சின் செலவுக் கணக்கின்படி தயாரித்தால் என்ன விலையாகும் என்று போர்க் ஒருமுறை கணக்கிட்டபோது சுமார் 1,900 டாலர் என விடை கிடைத்தது. ஸ்டுடிபேக்கர் அதைச் சுமார் 2,500 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தது. வீழ்ச்சிக்கான காரணங்களைப் பலவாறு அடுக்கலாம் என்றாலும், அவற்றுள் பெரும்பாலானவை இந்த 600 டாலர் இடைவெளிக்குள் அடங்கிவிடுகின்றன.

பேக்கார்டுடன் இணைப்பு

1954 இல் டெட்ராயிட்டின் பழம்பெரும் ஆடம்பரத் தானுந்து நிறுவனமான பேக்கார்டு, ஸ்டுடிபேக்கரை வாங்கியது. நாஷ், ஹட்சன், ஸ்டுடிபேக்கர், பேக்கார்டு ஆகிய நான்கையும் ஒன்றாக்கி நான்காவது பெரும் நிறுவனத்தை உருவாக்க வேண்டும் என்பது நாஷ் நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மேசனின் எண்ணம். அவர் அவ்வாண்டு அக்டோபரில் திடீரென இறந்ததோடு அத்திட்டம் நின்றுபோனது.

பேக்கார்டின் தலைவர் ஜேம்ஸ் நான்ஸ், வாங்குமுன் ஸ்டுடிபேக்கரின் கணக்குகளை ஆழ்ந்து பார்க்கவில்லை. நட்டமின்றி இயங்க ஆண்டுக்கு ஏறக்குறைய 2,82,000 தானுந்துகள் விற்க வேண்டும் என்பது இணைப்புக்குப் பின்னரே தெரியவந்தது. அவ்வாண்டு விற்றவை 1 இலட்சத்தையும் எட்டவில்லை. தொழிலாளர்கள் முதலில் மறுத்துப் பின்னர் கூலிக் குறைப்பை ஏற்றனர், அதுவும் போதவில்லை. 1956 இல் நட்டம் 4 கோடி டாலரைத் தாண்டியது. அவ்வாண்டில் டெட்ராயிட்டின் பேக்கார்டு தொழிற்சாலை மூடப்பட்டது. நிர்வாகம் வானூர்திப் பொறி நிறுவனமான கர்ட்டிஸ்-ரைட்டின் கைக்குச் சென்றது. அடுத்த இரு ஆண்டுகளில் பேக்கார்டு என்ற பெயரில் விற்றவை ஸ்டுடிபேக்கர் உடலில் பேக்கார்டு அணிகளைப் பூட்டியவையே. 'பேக்கார்டுபேக்கர்' என்ற கேலிப்பெயரோடு அவை 1958 இல் மறைந்தன. காப்பாற்ற வந்த நிறுவனம் முதலில் அழிந்தது.

லார்க்கும் அவாந்தியும்

ஹெரால்டு சர்ச்சில் தலைமையில் 1958 இலையுதிர்காலத்தில் வெளிவந்த லார்க், 1953 ஆம் ஆண்டு உடற்பகுதியின் நடுப்பகுதியை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் குறுக்கி அமைத்த சிறிய தானுந்து. பணம் இல்லாத நிலையில் செய்த இச்சிக்கனம் பலித்தது. டெட்ராயிட்டின் மூன்று பெரும் நிறுவனங்களும் சிறிய தானுந்துகளைத் தராத அந்த ஓராண்டில் 1,30,000 அளவில் விற்றது. 1959 இல் நிறுவனம் 2.85 கோடி டாலர் இலாபம் கண்டது.

அடுத்த ஆண்டே போர்டு பால்கன், செவ்ரோலே கார்வேர், பிளிமத் வேலியன்ட் ஆகியவை வந்தன. லார்க் ஈட்டிய பணத்தைக் கொண்டு புதிய தானுந்தை உருவாக்க வேண்டும் எனச் சர்ச்சில் விரும்பினார். இயக்குநர் குழுவோ பிற தொழில்களை வாங்குவதையே விரும்பியது. தோட்ட இழுவை இயந்திரம், மின்னாக்கி, தரை மெருகூட்டும் கருவி, குளிர்பதனப் பெட்டி, எண்ணெயில் கலக்கும் எஸ்.டி.பி. எனப் பல நிறுவனங்கள் வாங்கப்பட்டன. பங்குதாரர் நோக்கில் இது தவறான முடிவன்று. அவை இலாபம் தந்தன. சவுத் பெண்ட் தொழிற்சாலைக்கோ, அதன் எதிர்காலத்தை நிறுவனமே நம்பவில்லை என்பதற்கு இது அறிகுறியாயிற்று.

1961 இல் தலைவரான ஷெர்வுட் எக்பர்ட், மக்களைத் திரும்பிப் பார்க்கவைக்கும் ஒரு தானுந்து தேவை என்று கருதி ரேமண்ட் லோவியை அழைத்தார். கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் நகரில் வாடகை வீடொன்றில் லோவியும் மூன்று உதவியாளரும் சில வாரங்களில் அவாந்தியின் வடிவத்தை முடித்தனர். முன்புறக் காற்றுக் கம்பிச்சட்டம் இல்லை. உடல் கண்ணாடியிழையால் ஆனது. முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக் பொருத்தப்பட்டது. 1962 இல் பொன்வில் உப்புப் படுகையில் இது பல வேகச் சாதனைகளை முறியடித்தது. எனினும் வெளி நிறுவனம் வார்த்துத் தந்த கண்ணாடியிழைப் பகுதிகள் சரியாகப் பொருந்தாததால் வழங்கல் பல மாதங்கள் தாமதமானது. காத்திருந்தோர் முன்பதிவுகளைக் கைவிட்டனர். 1953 இல் நடந்தது பத்தாண்டு கழித்து அப்படியே திரும்ப நடந்தது. மொத்தம் 4,643 அவாந்திகளே செய்யப்பட்டன.

தொழிற்சாலை மூடல்

புற்றுநோயால் பாதிக்கப்பட்ட எக்பர்ட் 1963 நவம்பரில் பதவி விலகினார். அவருக்குப் பின்வந்த பையர்ஸ் பர்லிங்கேம் நிதித் துறையைச் சேர்ந்தவர். டிசம்பர் 9 அன்று மூடல் அறிவிக்கப்பட்டது. கிறிஸ்துமசுக்கு ஐந்து நாட்கள் முன்னர், டிசம்பர் 20 அன்று, சவுத் பெண்டின் கடைசித் தானுந்தான சிவப்பு நிற டேட்டோனா வெளிவந்தது. அதிபர் கென்னடி கொல்லப்பட்டு ஒரு மாதம்கூட ஆகாத நேரம். புதிய அதிபர் ஜான்சனின் அரசு சவுத் பெண்டுக்கு உதவத் தனிக் குழு அமைத்தது. ஏறத்தாழ 7,000 பேர் வேலை இழந்தனர். இவர்களுள் பலர் ஐம்பதைக் கடந்தவர்கள். தந்தையும் பாட்டனும் அதே கட்டடங்களில் வேலை செய்தவர்கள்.

ஹாமில்டன் தொழிற்சாலை சிறிய அளவில் இலாபத்துடன் இயங்கக்கூடியதாக இருந்தது. சவுத் பெண்டில் பொறி வார்ப்பும் நின்றுபோனதால் 1965, 1966 வடிவங்களில் ஜெனரல் மோட்டார்சின் கனடியப் பொறிகள் பொருத்தப்பட்டன. புதிய வடிவங்களுக்கு முதலிட நிறுவனம் முன்வராததால் 1966 மார்ச்சில் அதுவும் மூடப்பட்டது.

ஓய்வூதிய இழப்பும் 1974 ஆம் ஆண்டுச் சட்டமும்

ஸ்டுடிபேக்கரின் ஓய்வூதியத் திட்டம் 1950 இல் ஐக்கியத் தானுந்துத் தொழிலாளர் சங்கத்துடன் செய்த ஒப்பந்தத்தால் ஏற்பட்டது. திட்டம் தொடங்கிய நாளிலேயே பல தொழிலாளர்கள் இருபது, முப்பது ஆண்டுகள் பணி முடித்திருந்தனர். அக்கடந்த காலத்துக்கும் ஓய்வூதியம் உண்டு என ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் அதற்குரிய பணம் உடனே நிதியில் இடப்படவில்லை. 30 ஆண்டுகளில் சிறிது சிறிதாகச் செலுத்துவதாக ஏற்பாடு. பின்வந்த ஒப்பந்தங்களில் ஓய்வூதியத் தொகை உயர்த்தப்பட்டபோதெல்லாம் வாக்குறுதிக்கும் நிதியிலுள்ள பணத்துக்கும் இடையிலான தொலைவு பெருகியது. நிதியில் இருப்பதற்கு மேல் நிறுவனம் பொறுப்பேற்காது என்ற விதியும் இருந்தது. இவற்றுள் எதுவும் அன்றைய சட்டத்துக்குப் புறம்பானதன்று. நிறுவனம் நிலைத்திருக்கும் என்ற நம்பிக்கையின்மீதே முழு ஏற்பாடும் நின்றது.

1964 இல் திட்டம் முடிக்கப்பட்டபோது, ஏற்கனவே ஓய்வு பெற்றோருக்கும் 60 வயதை எட்டிய நெடுங்காலப் பணியாளருக்கும் முன்னுரிமை அளிக்கப்பட்டது. ஏறக்குறைய 3,600 பேரான இவர்களுக்கு முழு ஓய்வூதியம் கிடைத்தது. அதன்பின் நிதியில் அதிகம் எஞ்சவில்லை. 40 முதல் 59 வயது வரையிலான சுமார் 4,000 தொழிலாளர்களுக்கு அவர்களது உரிமையின் மதிப்பில் ஏறத்தாழ 15 விழுக்காடு மட்டும் ஒரே தொகையாக வழங்கப்பட்டது. இவர்களின் சராசரி வயது 52. சராசரிப் பணிக்காலம் 23 ஆண்டுகள். 59 வயதில் நின்ற ஒருவர் ஒரு பிறந்தநாள் முந்தியிருந்தால் வாழ்நாள் முழுதும் பெற்றிருக்கக்கூடியதை இழந்தார். எஞ்சிய இளையோருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஸ்டுடிபேக்கர் நிறுவனம் நொடித்துப்போகவில்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது. தானுந்துத் தொழிலை விட்டொழித்தபின் அது பிற தொழில்களில் இலாபம் ஈட்டியது. 1967 இல் வொர்த்திங்டன் நிறுவனத்துடன் இணைந்து ஸ்டுடிபேக்கர்-வொர்த்திங்டன் ஆயிற்று. 1979 இல் மெக்ரா-எடிசன் அதை வாங்கியது.

இந்தியானாவின் செனட்டர் வான்ஸ் ஹார்ட்கி 1964 இல் ஓய்வூதியங்களுக்குக் காப்புறுதி வேண்டும் என்ற மசோதாவைக் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. நியூயார்க் செனட்டர் ஜேக்கப் ஜாவிட்ஸ் 1967 முதல் விரிவான சட்டத்துக்காக முயன்றார். நிதி வலுவாக இருந்த நிறுவனங்கள், பிறரது பொறுப்பின்மைக்குத் தாம் ஏன் கட்டணம் செலுத்த வேண்டும் எனக் கேட்டு எதிர்த்தன. இறுதியில் 1974 செப்டம்பர் 2 அன்று, அமெரிக்கத் தொழிலாளர் நாளில், அதிபர் ஜெரால்டு போர்டு பணியாளர் ஓய்வூதிய வருமானப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒப்பமிட்டார். நிறுவனங்கள் நிதியில் இட வேண்டிய குறைந்த அளவு, பணியாளருக்கு உரிமை உறுதியாகும் காலம் ஆகியவை வரையறுக்கப்பட்டன. திட்டம் முறிந்தால் குறிப்பிட்ட வரம்பு வரை ஓய்வூதியம் வழங்கக் காப்புறுதி அமைப்பு ஒன்றும் உருவானது. பத்தாண்டு இடைவெளியில் வந்த இச்சட்டத்துக்கு ஸ்டுடிபேக்கர் நிகழ்வு மட்டுமே காரணம் எனச் சொல்ல இயலாது. சட்டத்தை வேண்டியோர் ஒவ்வொரு முறையும் எடுத்துக்காட்டிய நிகழ்வு அதுவே என்பதில் ஐயமில்லை. சவுத் பெண்ட் தொழிலாளர்களுக்கு இச்சட்டத்தால் எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. அது முன்தேதியிட்டுச் செயற்படவில்லை.

எஞ்சியவை

அவாந்தியின் உரிமையைச் சவுத் பெண்டின் முகவர்களான நேதன் ஆல்ட்மன், லியோ நியூமன் ஆகியோர் வாங்கி, பழைய தொழிற்சாலையின் ஒரு பகுதியில் 1965 முதல் கையால் பொருத்தி விற்றனர். உரிமையாளர் பலர் கைமாறியும், மெக்சிகோவின் கான்குன் நகரில் 2006 இல் உற்பத்தி நிற்கும் வரை அவ்வடிவம் பெரிதாக மாறவில்லை. இராணுவச் சரக்குந்து ஒப்பந்தத்தையும் அதற்கான தொழிற்சாலையையும் 1964 இல் கைசர் ஜீப் நிறுவனம் பெற்றது. ஹம்வீ ஊர்திகளைத் தயாரித்த ஏ.எம். ஜெனரல் அந்த வழியில் வந்ததே.

பழைய தொழிற்சாலைக் கட்டடங்கள் நெடுங்காலம் பாழடைந்து கிடந்தன. பல இடிக்கப்பட்டன. 84 ஆம் எண் கட்டடம் புதுப்பிக்கப்பட்டுத் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு இடமளித்தது. நகர முதல்வராக இருந்த பீட் பூட்டிஜெஜ் 2019 ஏப்ரலில் தாம் அதிபர் தேர்தலில் போட்டியிடுவதை இங்கிருந்தே அறிவித்தார். சவுத் பெண்டிலுள்ள ஸ்டுடிபேக்கர் தேசிய அருங்காட்சியகத்தில் லிங்கனின் சாரட்டும், 1963 டிசம்பர் 20 அன்று வெளிவந்த சிவப்பு டேட்டோனாவும் வைக்கப்பட்டுள்ளன.